மல்காந்தி நடிப்பை விட்ட நாள்

மகன்,

நீங்கள் மூன்று பேரும் நல்லபடியாக மெல்பர்ன் போய்ச் சேர்ந்துவிட்டதாக மருமகள் மெசேஜ் போட்டிருந்தாள். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கட்டுநாயக்க எயார்போர்ட்டில் வேனை விட்டு இறங்கியபோதும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டிகளை இறக்குவதிலேயே குறியாக இருந்தாய். கண்டிக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் டிரைவர் பையன் பேசிக்கொண்டே வந்தான். நான் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. கோபம் உனக்கு இருக்கத்தான் செய்யும். என் பழைய படம் ஒன்றைப் புதுப்பித்துக் கொழும்பில் திரையிடப் போகிறார்கள், என்னை மேடையேற்றிக் கௌரவிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்று பார்த்தேன். என்னைக் கேட்காமலே அம்மா கட்டாயம் வருவார் என்று அவர்களிடம் போனில் சொல்லிவிட்டாய். நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாய். முழங்கால் வலி என்றேன். அது பொய் என்று உனக்கும் தெரியும். அப்போதுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். "அப்பா செத்து எத்தனை வருஷமாச்சும்மா? இன்னும் அவருக்குப் பயந்துக்கிட்டா இருக்கீங்க?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், என்னால் முடியவில்லை. எழுதினால் நடுவில் நீ குறுக்கிட முடியாது. நான் அழுதாலும் உனக்குத் தெரியாது. உன் அப்பா என்னை நடிக்க வேண்டாம் என்று சொன்னதே இல்லை. ஒரு நாளும் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்தது வேறு என்று எனக்குத் தெரியும். அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், பொறுமையாக வாசி. என் படங்களின் பெயர்களை இன்டர்நெட்டில் தேடி வைத்திருக்கிறாயே தவிர, அந்தப் பெயர்களுக்கு நடுவில் நான் எங்கே இருந்தேன் என்று நீ ஒரு தடவையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

உன் தாத்தா கண்டி மாநகரசபையில் கிளார்க். எங்கள் குவாட்டர்ஸில் பாதிப் பேர் சிங்களவர்கள். நான் வீட்டுக்குள் தமிழ் பேசினேன், வாசல்படி தாண்டினால் சிங்களம். இரண்டையும் நான் படித்ததாக நினைவில்லை, இரண்டும் வாயில் இருந்தன. தபசு காலத்தில் மாதா கோவிலில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் போடுவார்கள். இயேசுவின் முகத்தைத் துடைக்கும் பெண்ணாக என்னைப் போட்டார்கள். எனக்கு வசனமே இல்லை. துணியை நீட்ட வேண்டும், அழ வேண்டும், அவ்வளவுதான். அதைப் பார்க்க வந்திருந்த ஒருவர் சிங்கள சினிமாவில் வேலை செய்பவர். மறுவாரம் அவர் ஒரு டைரக்டரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். குளக்கரையில் ஒரு நடனக் காட்சி எடுக்கப் போகிறார்களாம், கூட்டத்தில் நிற்க ஒரு பெண்பிள்ளை வேண்டுமாம். உன் தாத்தா எழுந்து உள்ளே போய்விட்டார். என் அம்மாதான், "கோவில்ல ஆடலாம், குளத்தங்கரையில ஆடக்கூடாதா?" என்று கேட்டார். கூட்டத்தில் நிற்கப் போன என்னை அடுத்த படத்தில் கதாநாயகியின் தங்கையாக்கினார்கள். அதற்கடுத்ததில் நானே கதாநாயகி. பிலோமினா என்ற பெயர் போஸ்டரில் நிற்காது என்று சொல்லி மல்காந்தி என்று சிங்களப் பெயர் வைத்தார்கள். பெயரை மாற்றியது பெரிய விஷயமாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. புதுச் சட்டை போட்ட மாதிரிதான் இருந்தது.

ஸ்டூடியோவுக்கு அம்மா துணைக்கு வருவார். மேக்கப் அறைக்கு வெளியே ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சிங்களம் சரியாக வராது, அதனால் வாயே திறக்க மாட்டார். ஒரு நாள் படத்தில் பணம் போட்ட ஒரு பெரிய மனிதர் வந்து அம்மாவிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வேலைக்காரி என்று நினைத்துவிட்டார். அம்மா எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடியில் எல்லாம் எனக்குத் தெரிந்தது. எழுந்து வந்து "இது என் அம்மா" என்று சொல்லப் போனேன். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது, "அவருக்கும் தாகம்தானே, விடு" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து நானும் செட்டில் தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். யாரும் பேசாதே என்று சொல்லவில்லை. பேசாவிட்டால் நல்லது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பத்திரிகைக்காரர்கள் சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். கண்டி என்பேன். கண்டி என்று சொன்னால் சிங்களப் பெண் என்றே எடுத்துக்கொண்டார்கள், வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

நான் நல்ல நடிகையா என்று ஒருமுறை கேட்டாய், சிரித்துச் சமாளித்தேன். நல்ல நடிகைதான், மகன். பாட்டு எனக்கு வராது. படத்தில் நீ கேட்பது வேறொருத்தியின் குரல், நான் வாயை மட்டும் அசைத்தேன். ஆனால் வசனம் பேசினால் நானே பேசினேன். லைட்டின் சூட்டில் மை கரைந்து கண்ணுக்குள் இறங்கும், இமைக்கக் கூடாது. அப்படி நின்றுகொண்டு ஒரு நீண்ட வசனத்தை ஒரே மூச்சில் பேசி முடித்தால், லைட் பிடிக்கிற பையன்கள் மேலே பலகைகளில் நின்றபடியே கைதட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் நடித்தேன். காசு பெரிதாகக் கிடைக்கவில்லை. மார்க்கெட் சுவரில் என் போஸ்டர் ஒட்டியிருந்த காலத்தில் உன் தாத்தா அந்தத் தெருவை விட்டுச் சுற்றித்தான் மாநகரசபைக் கந்தோருக்குப் போனார். அவர் சாகும்வரை என் படம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. வெட்கமா, பயமா என்று எனக்குத் தெரியாது.

உன் அப்பா ரேடியோ திருத்துகிறவர் என்பது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ரேடியோவைத் திருத்தத்தான் முதலில் வந்தார். மல்காந்தி என்று அடையாளம் தெரிந்தும் தெரியாத மாதிரியே ரேடியோவைக் கழற்றிக்கொண்டிருந்தார். போகும்போதுதான், "அந்தக் கடைசிக் காட்சியில நீங்க அழாம இருந்தீங்களே, அதுதான் சரி" என்றார். அதைக் கவனித்த ஒரே ஆள் அவர்தான். கல்யாணத்துக்குப் பிறகும் நான் நடித்தேன், நீ பிறந்த பிறகும் நடித்தேன். கதாநாயகி வேஷம் போய் அக்கா வேஷம், அண்ணி வேஷம் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு ஷூட்டிங்குக்கு வருவார். நீ அவர் தோளிலேயே தூங்கிப்போவாய். இந்த மனிதனையா நீ என்னைக் கூண்டில் அடைத்தவர் என்று சொல்கிறாய்?

எண்பத்து மூன்று ஜூலையில், தமிழர்களை அடித்த அந்தக் கலவரத்தின்போது, நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்தோம். டவுனில் அப்பாவின் கடை எரிந்தது, நம் வீடு அதிர்ஷ்டவசமாகத் தப்பியது என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். கடை எரிந்தது உண்மை. மற்றது அதிர்ஷ்டம் இல்லை. நம் பக்கத்து வீட்டில், பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ரட்ணம் மாஸ்டரும் அவர் மனைவி பூமணி அக்காவும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள், பிள்ளை இல்லை. நீ பாதி நாள் அவர்கள் வீட்டில்தான் கிடப்பாய். மாஸ்டர் தினமும் வேலிக்கு மேலால், "தங்கச்சி, பெடியன் எழும்பிட்டானோ?" என்று கேட்பார். அன்று காலையில் டவுனில் புகை தெரிந்தது. மாஸ்டர் என்ன நடக்கிறது என்று பார்த்துவரக் கிளம்பினார். போகாதீர்கள் என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "சந்தி மட்டும்தானே, இப்ப வாறன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். பூமணி அக்கா பயந்துபோய் நம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கைக்குள் லொறி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வந்தவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை, வெளியிலிருந்து வந்தவர்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டு வந்தார்கள். அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு, பூமணி அக்காவையும் இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். நானும் போகத்தான் எழுந்தேன். அதற்குள் கேட்டை உதைத்தார்கள். இனி ஒளிந்தால் உள்ளே வந்து தேடுவார்கள் என்று தோன்றியது. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்ப் படியில் நின்றேன். ஏன் போனேன், எப்படிப் போனேன் என்று தெரியாது. கால் போனது. முன்னால் நின்றவன் கையில் பெற்றோல் கேன் வைத்திருந்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "மே அபே மல்காந்தி நே!" என்று கத்தினான். இது நம்ம மல்காந்தி அல்லவா என்று. நம்ம என்றான், மகன். கையில் பெற்றோலை வைத்துக்கொண்டு அவன் என்னை நம்ம என்று சொன்னான்.

கூட்டம் கேட்டுக்குள் வந்தது. சிலர் சிரித்தார்கள், ஒருவன் வெட்கப்பட்டுப் பின்னால் போய் நின்றான். இங்கே தமிழர்கள் யாரும் இருக்கிறார்களா நோனா என்று மரியாதையாகக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். பக்கத்து வீடு யாருடையது என்றார்கள். வீட்டின் சொந்தக்காரர் இன்னார், சிங்களவர்தான் என்றேன், அது உண்மையும்கூட. போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒருவன், "பாட்டு ஒண்ணு பாடுங்க நோனா" என்றான். அது என் குரல் இல்லை என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்படியென்றால் அண்ணனை வழியனுப்பும் காட்சி வசனத்தைச் சொல்லுங்கள் என்றான் பெற்றோல் கேன்காரன். அந்தப் படத்தை அவன் எத்தனை தடவை பார்த்தான் என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னான். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வசனத்தைத் தொடங்கினேன்.

தொடங்கிக் கொஞ்சம் பேசியிருப்பேன், மாஸ்டர் ஒழுங்கையில் வருவதைக் கண்டேன். வெள்ளைக் காற்சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் குடை. அவரும் கூட்டத்தைக் கண்டுவிட்டார், என்னையும் கண்டார். திரும்பி ஓடியிருந்தால் துரத்தியிருப்பார்கள். "தங்கச்சி" என்று ஒரு சொல் கூப்பிட்டிருந்தால் என் கதையும் உள்ளே இருந்த உங்கள் கதையும் அன்றே முடிந்திருக்கும். அவர் கூப்பிடவில்லை. என்னை முன்பின் தெரியாத மாதிரி, நம் வீட்டையே தெரியாத மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு ஆற்றுப் பக்கம் நேரே நடந்தார். கூட்டம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றது. வசனம் முடியப் போகிறது. முடிந்தால் திரும்புவார்கள். நான் நீட்டினேன். படத்தில் இல்லாத வரிகளை எல்லாம் சேர்த்தேன். அண்ணா, நீ போகும் பாதையில் பார்த்துப் போ, நிற்காமல் போ, வீட்டைத் திரும்பிப் பார்க்காதே என்று அழுது அழுது சொன்னேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவு நன்றாக நான் எந்த ஸ்டூடியோவிலும் நடித்ததில்லை. ஆனால் கடைசியில் நின்ற இரண்டு பேர் நான் பேசுவதைக் கேட்கவில்லை. அவர்களுக்குப் படம் பிடிக்காதோ என்னவோ. அவர்கள் திரும்பினார்கள், திருநீற்றைக் கண்டார்கள், பின்னால் போனார்கள்.

அதை நான் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். நிறுத்தவில்லை. திருப்பத்தில் தடி இறங்கும் சத்தம் கேட்டது. அதே நேரம் என் வசனம் முடிந்தது, இவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு சத்தமும் ஒன்றாகவே வந்தன. பெற்றோல் கேன்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். போகும்போது, "கேட்டைப் பூட்டிக்கங்க நோனா, இன்னைக்கு நாள் சரியில்ல" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனான்.

திருப்பத்தில் இருந்த பேக்கரிக்காரர்தான், அவரும் சிங்களவர்தான், வெளியே ஓடிவந்து சத்தம் போட்டு அவர்களை விரட்டியிருக்கிறார். மாஸ்டரைத் தூக்கி மா மூட்டைகளுக்கு மேல் கிடத்தி, பாண் விற்கிற வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் பிழைத்தது. ஒரு கண் போய்விட்டது. நாமும் சில நாட்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம், அங்கே அவர்களும் வந்து சேர்ந்தார்கள். மாஸ்டர் தலையில் கட்டோடு பாயில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும், "பெடியன் சுகமோ?" என்று மட்டும் கேட்டார். பூமணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை அக்கா என்றேன். அவர், "ஓம் தங்கச்சி. நீங்கள் நல்லாய்த்தான் நடிச்சனீங்கள். நான் உள்ளுக்கை இருந்து கேட்டனான். நீங்கள் ஆரெண்டு எனக்கே மறந்து போச்சுது" என்றார். குற்றம் சொன்னாரா, பாராட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர்களைக் கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். பிறகு செய்தி இல்லை. தேடினேன், கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் எனக்குப் பழக்கமான ஒரு டைரக்டர் கார் அனுப்பிக் கூப்பிட்டார். நல்ல மனிதர். போகவேண்டாம் என்று நான் சொன்னேன், போகவேண்டும் என்று சொன்னது உன் அப்பா. போனேன். வசனம் வந்தது, கண்ணீரும் வந்தது, ஒரே டேக்கில் முடிந்தது. மேலே பலகையில் நின்ற பையன்கள் வழக்கம்போலக் கைதட்டினார்கள். நான் அங்கேயே குந்திவிட்டேன். வாந்தி எடுத்தேன். அப்பா என்னைத் தூக்கிக் காரில் ஏற்றினார். வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் கெஞ்சினார். "அவனுங்களுக்காக உன் தொழில விட்டுறாத. ஆறும், மெதுவா ஆறும்" என்றார். ஆறவில்லை, மகன். உன் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களுக்கு நான் ஏன் வரவில்லை என்று நீ வருஷா வருஷம் கேட்டாய். தலைவலி என்றேன். உன் கல்யாண ஹோலில் மாலை மாற்றும் நேரத்தில் நான் சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றதை நீ பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை. இப்போது தெரிந்துகொள். கொழும்பில் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினால் என் உடம்பு என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது.

சில வருஷத்துக்கு முன் இங்கே பக்கத்தில் திகனையில் முஸ்லிம்களின் கடைகளை எரித்த நேரம் நீ போன் எடுத்து, பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று கேட்டாய். எதிர் வீட்டு முஸ்லிம் பெண்பிள்ளையையும் அவள் கைக்குழந்தையையும் அப்போது என் வீட்டுக்குள் வைத்திருந்தேன். அதை உனக்குச் சொல்லவில்லை. நாள் முழுக்க ஹோலிலேயே உட்கார்ந்திருந்தேன், யாராவது வந்து கேட்டைத் தட்டினால் என்ன பேசுவது என்று. ஒரு வார்த்தையும் வரவில்லை. யாரும் வரவுமில்லை. வந்திருந்தால் அந்தப் பிள்ளையை என்னால் காப்பாற்றியிருக்க முடியாது என்ற பயம் அதற்குப் பிறகு போகவே இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் கோவில் சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் செய்தது பாவமே இல்லை என்றார். அது எனக்கும் தெரியும். திரும்ப அந்தப் படியில் நிறுத்தினால் திரும்பவும் அதைத்தான் செய்வேன். ஆனாலும் மனம் சமாதானமாகவில்லை.

இனி அப்பா விஷயம். நான் ஏன் நடிப்பதில்லை என்று ஆட்கள் கேட்கத் தொடங்கியபோது, "நான்தான் வேணாம்னுட்டேன், பிள்ளை இருக்குல்ல" என்று அவரே எல்லாரிடமும் சொன்னார். கேட்டவர்கள் உடனே நம்பினார்கள். புருஷன் தடுத்தான் என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. நீ வளர்ந்து, ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, உன் கூட்டாளியின் அம்மா என் படங்களைப் பற்றிச் சொன்னதாகச் சொல்லி அதே கேள்வியைக் கேட்டாய். உன்னிடமும் அதையே சொன்னார். நீ அவரைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், துருவுவதை நிறுத்தவில்லை. நீ விளையாடப் போன பிறகு, பிள்ளைக்கு ஏன் பொய் சொல்றீங்க என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் நாளைக்கும் இதே பசங்களோடதான பந்தடிக்கணும்? யாரையாவது வெறுக்கணும்னா என்னை வெறுத்துட்டுப் போகட்டும். ஒரு ஊரையே வெறுத்துக்கிட்டு ஒரு பிள்ளை எப்படி வளரும்?" நீ வெறுத்தாய். அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கட்டில் கால்மாட்டில்தான் நின்றாய், கிட்டே வரவில்லை. அப்போதும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. நானும் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

கொழும்புக்காரர்களிடம் நீயே பேசு. படத்தைக் காட்டட்டும், தாராளமாகக் காட்டட்டும். அந்த மல்காந்தி நல்ல பெண், அவள் உழைப்பு அது, நாலு பேர் பார்க்க வேண்டியதுதான். நான் வரமாட்டேன் என்று மட்டும் சொல். காரணம் கேட்டால் முழங்கால் என்று சொன்னாலும் சரி, இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டினாலும் சரி, அதை உன்னிடம் விடுகிறேன். பேத்தி நாடக வகுப்புக்குப் போகிறாள் என்று மருமகள் சொன்னாள். அவளைத் தடுக்காதே. அவள் மேடை ஏறும்போது முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி கைதட்டு. என்னால் உனக்குச் செய்ய முடியாமல் போனதை நீ அவளுக்குச் செய்.

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. நான் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது உள்ளறையில் என்ன நடந்தது என்பது. அதைப் பூமணி அக்காதான் அகதிகளாக இருந்த பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொன்னார். என் அழுகைக் குரல் கேட்டு நீ "அம்மா, அழாத" என்று கத்தப் போயிருக்கிறாய். அம்மா என்பது சிங்களத்திலும் அம்மாதான், அடுத்த தமிழ்ச் சொல் வெளியே வந்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அப்பா உன்னை மடியில் அமுக்கி வாயைப் பொத்தியிருக்கிறார். நீ சின்னப் பிள்ளை, உனக்கு மூச்சு முட்டியிருக்கும், பயந்திருப்பாய், அவர் கையைக் கடித்தாய். விடாமல் கடித்தாய். அவர் இடது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு இருந்ததே, ரேடியோவுக்கு ஈயம் பற்றவைக்கும்போது சுட்டது என்று உன்னிடம் சொல்லியிருந்தாரே, அது ஈயம் சுட்டதில்லை, மகன். அது உன் பல். இரத்தம் உன் சட்டை முழுக்க ஒழுகியிருந்தது. நான் வசனம் பேசி முடித்து, அவர்கள் கைதட்டி, லொறி கிளம்பிப் போய், நான் உள்ளே வந்து கதவைத் திறக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

அம்மா